ஒட்டுக்கு அடியில் ஒரு பாலம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர்நாளில் வாய்க்காலில் இறங்கி நிற்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்! பிள்ளைகள் சுகமா? அண்ணன் சுகமா? நான் விசாரித்ததாக அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

தொலைபேசியில் பேசலாம் என்றால், அது அண்ணன் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் தொங்குகிறது. நீங்கள் "ம்", "ம்ம்", "ஆமா" என்று மூன்று வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதமே மேல்.

ஒரு சந்தோஷமான சமாச்சாரம். எங்கள் அலுவலகத்தில் பழைய வரைபடங்களைச் செப்பனிடும் அறையில் நான் இருப்பது உங்களுக்குத் தெரியும். கிழிசல், பூச்சி அரித்த ஓட்டை, மடிப்பில் விட்டுப்போனது என்று எதையாவது ஒட்டிக்கொண்டே இருப்பேன். போன வாரம் இரண்டு பெரிய தாள்களைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். பிரித்துப் பார்த்தால், நம் பள்ளத்தாக்கு! ஆறு, பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால்கள், ஒவ்வொரு மதகும் இருக்கிறது. தண்ணீர் நீல மையில், மேடு பள்ளம் எல்லாம் பழுப்புக் கோடுகளில். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்து இழுத்த கோடுகள் அவை. அப்படிப்பட்ட ஒரு கோட்டின் மேலேயே நடந்து போனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வடக்குப் பாதியை ஒரு குழு அளந்திருக்கிறது, தெற்குப் பாதியை வேறொரு குழு சில வருடம் கழித்து அளந்திருக்கிறது. இரண்டும் பிரியும் இடம் நம் வாய்க்கால் பாலம். அதனால் வடக்குத் தாளின் அடியிலும் அந்தப் பாலம் இருக்கிறது, தெற்குத் தாளின் தலையிலும் அதே பாலம் இருக்கிறது. இரண்டையும் ஒரே படமாக்கச் சொன்னார்கள். வடக்குப் பாலத்தை எடுத்துத் தெற்குப் பாலத்தின் மேல் கச்சிதமாகப் படிய வைத்து ஒட்டிவிட்டேன். இப்போது இருப்பது ஒரே பாலம். ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. விளிம்புக்கு வந்ததும் தெற்குக் கோடுகள் எல்லாம் மெல்ல வளைந்து வடக்குக் கோடுகளோடு போய்ச் சேர்ந்துகொள்கின்றன. அந்த நாளில் வரைந்த ஆளுக்கு என்ன கை!

பயப்படாதீர்கள், மாவுப் பசைதான். எதை ஒட்டினாலும் பின்னால் வருகிறவர் பிரிக்க முடிகிற மாதிரி ஒட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

உங்கள் நிலத்தையும் கண்டுபிடித்தேன். பாலத்துக்குத் தெற்கே, என் கட்டைவிரல் நகத்தளவு இருக்கிறது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 3

அன்புள்ள பசைக்காரிக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகின்றன. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பசையையே தின்று பசியாறிவிடாதே.

நகத்தளவு நிலமா? அதற்கா நான் இத்தனை வருடமாகக் களை எடுக்கிறேன்? அதே நகத்தை இங்கே அனுப்பி வை, வெங்காயப் பாத்தியில் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கட்டும். பிரிக்கிற மாதிரி ஒட்டுவது என்றும் எழுதியிருக்கிறாய். பிரிப்பதற்கென்றால் ஒட்டுவானேன்? உன் தொழில் எனக்குப் புரியவே போவதில்லை.

உன் கடிதத்தைச் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் தலைகீழாக, ஓரத்தில் சேற்று விரலோடு. எங்கள் வீட்டு எலிக்குப் படிக்கத் தெரியாது. உன் அண்ணன் ஒரு காலத்தில் வாய்க்கு வாய் 'சில்வண்டு, சில்வண்டு' என்று உன்னைத்தான் பேசுவார். உங்கள் அப்பா இறந்த அந்த வாரத்தில் நீ முற்றத்தில் நின்று "கடைமடை நிலத்தைக் கட்டிக்கிட்டு ஏன் அழுற, வித்துடு" என்றாயே, அன்றோடு அந்தப் பெயர் இந்த வீட்டில் நின்றுபோனது. உன் மேல் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் மனசு சரியில்லை.

இங்கேயும் ஒரு சமாச்சாரம். வாய்க்காலுக்குச் சிமெண்ட் போட்டு, புது மதகு வைத்து, எல்லா நிலத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடப் போகிறார்களாம். ஜீப் வந்து போனது. நாங்கள் கடைசி மடைக்காரர்கள். எல்லோரும் பாய்ச்சி முடித்து, மாட்டைக் குளிப்பாட்டி, துணி துவைத்த பிறகு எங்களுக்கு வருவதுதான் தண்ணீர். முறை வைத்தால் எங்களுக்கும் விடியும்.

படத்தில் எங்கள் நிலம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று அவர் கேட்டார் என எழுத வந்தேன். இல்லை, நானேதான் கேட்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அண்ணி

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் படித்து மேசையில் தனியாகச் சிரித்தேன். எலிக்கு என் வணக்கம். நான் சுகம். இருமல் ஒன்று வந்தது, போய்விட்டது.

எலி கேட்ட கேள்விக்குப் பதில்: உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எண் நானூற்றுப் பதினாறு. கடல் மட்டத்திலிருந்து அத்தனை அடி.

இன்னும் கேளுங்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, கண்ணாடி பொருத்தி, அலுவலக வாசல் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். எங்கள் தலைவரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி வைத்திருப்பாரே, அவர்தான் திறப்பு விழா வைத்தார். படத்தின் கீழே சின்னப் பித்தளைத் தகட்டில் 'ஒட்டிச் செப்பனிட்டவர்' என்று என் பெயர் இருக்கிறது. விழா முடிந்த கையோடு உங்கள் வாய்க்கால் திட்டத்து ஆட்களே வந்து படத்தைப் பிரதி எடுத்துப் போனார்கள்! துண்டு துண்டாக அலமாரியில் கிடந்த நாளில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரே படமானதும் எல்லோருக்கும் வேண்டும்.

அண்ணி, நான் ஒட்டிய படத்தைப் பார்த்து உங்கள் நிலத்துக்குத் தண்ணீர் விடப் போகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்று இந்த முறை சொல்ல மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 6

அன்புள்ள பசைக்காரிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சின்னவனுக்குக் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. எழுதாமல் இருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை.

சந்தைக் கொட்டகைச் சுவரில் திட்டத்துப் பட்டியலை ஒட்டினார்கள். பாலத்துக்குக் கீழே இருக்கிற எங்கள் யாருக்கும் தண்ணீர் இல்லை. 'மேட்டு நிலம், பாசனத்துக்கு வெளியே' என்று போட்டிருக்கிறார்கள். பாலத்தோடு வாய்க்காலை அடைத்துவிடுவார்களாம். ஆட்சேபனை இருந்தால் ஜூலை முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

ஆட்சேபனை சொல்ல நாங்கள் எல்லோரும் போனோம். பொறியாளர் ஒரு சின்னப் பெண். நல்ல பிள்ளை, எங்களை உட்கார வைத்துப் பேசினாள். ஒரு படத்தை விரித்துக் காட்டினாள்.

"பாருங்கம்மா, பாலம் நானூத்திப் பன்னெண்டு அடி. உங்க நிலம் நானூத்திப் பதினாறு. நாலடி மேல இருக்கு. தண்ணி எப்படி ஏறும்?"

"போன வாரம்கூடப் பாய்ஞ்சுதேம்மா," என்றேன்.

"அதுதான் எனக்கும் புரியல. ஆனா இதுல இப்படித்தானே இருக்கு?"

அழகான படம். ஒட்டே தெரியவில்லை.

வெங்காயம் பரவாயில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

*

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவனுக்குக் குணமானது அறிந்து நிம்மதி. எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை.

அது நான் ஒட்டிய படம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் எழுதாமல் விட்டதையும் படித்துக்கொண்டேன். ஆனால் அண்ணி, அந்தப் படத்துக்கு அளவு எடுத்தவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. அளவுகோலும் கருவியும் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கு முழுவதும் நடந்து ஒவ்வொரு அடியாக அளந்திருக்கிறார்கள். அது தப்பாக இருக்க வழியில்லை. ஒருவேளை உங்கள் பக்கம் வருவது ஊற்றுக் கசிவாக இருக்கலாம். அல்லது மேலே யாராவது மதகை அடைக்கும்போது தண்ணீர் எதிர்த்து ஏறி வரலாம். ஒருவேளை நிலம் உண்மையிலேயே மேடுதானோ என்னவோ. அப்படியென்றால் அன்றைக்கு நான் சொன்னதை அண்ணன் கொஞ்சம் யோசித்திருந்தால்...

வேண்டாம், பழைய பேச்சை எடுக்கவில்லை. நன்றாக இருங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மே 9

நாத்தனாருக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

ஊற்றும் இல்லை, எதிர்த்து ஏறவும் இல்லை. போன வாரம் மதகைத் திறந்தார்கள். தண்ணீர் பாலத்தைத் தாண்டி, எங்கள் பாத்திகளில் நின்று, அடுத்த நிலத்துக்கும் போனது. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் கூடவே நடந்தேன். அது எங்கேயும் தயங்கவில்லை. மேட்டில் ஏறுகிற தண்ணீரை நான் பார்த்ததில்லை. நீ படித்தவள், நீயே சொல்.

கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்ப்பார்களே, கண்ணாடி மாதிரி இருக்கிற குழாய், அதை உன் அண்ணன் வாங்கி வந்தார். தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை அவரும் மறு முனையை மதகுக்காரரும் பிடித்து, பாலத்திலிருந்து எங்கள் வரப்பு வரைக்கும் நகர்த்தி நகர்த்தி அளந்தார்கள். எங்கள் நிலம் பாலத்தை விட அவர் இடுப்பளவு கீழே இருக்கிறது. அந்தப் பொறியாளர் பெண்ணும் வந்து பார்த்தாள்.

"எனக்கு நம்பிக்கை வந்துடுச்சுங்க. ஆனா குழாயைக் கொண்டுபோய் மேலதிகாரி மேசையில வைக்க முடியாதே. அந்தப் படத்துலயே தப்பு இருக்குன்னு யாராவது காட்டினா, அளக்கிற ஆளுங்கள நானே கூட்டிட்டு வரேன்," என்றாள்.

படத்தில் தப்பு இருக்க வழியில்லை என்று நீ எழுதியிருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேறு விசேஷம் இல்லை. பரண் மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். உன் அண்ணன் இரண்டு சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். துறைமுகத்துப் பக்கம் குளிர் அதிகமா?

அண்ணி

*

மே 16

அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். பெட்டியை எதற்குத் துடைக்கிறீர்கள்? துறைமுகத்தில் அண்ணனுக்கு என்ன வேலை? ஊர்க்காரர்கள் எல்லோரும் போகிற அந்தக் கிடங்குக் காவலா? ஒரே நேரத்தில் இரண்டு சட்டை தைக்கிற ஆளா அண்ணன்? போக விடாதீர்கள். எதையாவது சொல்லி நிறுத்தி வையுங்கள்.

உங்கள் கடிதத்தை நேற்று மேசையில் வைத்துக்கொண்டு, உங்கள் மேல் கோபத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். பாலம் நானூற்றுப் பன்னிரண்டு, நிலம் நானூற்றுப் பதினாறு என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. பாலத்தின் எண் வடக்குத் தாளில் இருக்கிறது. நிலத்தின் எண் தெற்குத் தாளில் இருக்கிறது. அளந்தது இரண்டு குழு, வேறு வேறு வருடத்தில். இரண்டு பேரும் ஒரே மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான் அளக்கத் தொடங்கினார்கள் என்று எனக்கு யார் சொன்னது?

அதைச் சரிபார்க்க ஒரே ஒரு வழி இருந்தது. இரண்டு தாளிலும் இருந்தது அந்தப் பாலம் மட்டும்தான். தெற்குத் தாளிலும் அதன் பக்கத்தில் ஓர் எண் இருந்தது, அது நினைவிருக்கிறது. என்ன எண் என்று நான் படிக்கவில்லை. படம் அழகாக வர வேண்டும் என்பதிலேயே கண்ணாக இருந்தேன். இரண்டு பாலம் இருந்தால் அசிங்கம் என்று ஒன்றை மூடிவிட்டேன். அந்தக் கோடுகள் விளிம்பில் வளைந்து போய்ச் சேர்வதை மெச்சினேனே, அவை தானாக வளையவில்லை. இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் அந்த வரைவாளர் இழுத்து வளைத்துச் சேர்த்திருக்கிறார். அவரும் என்னைப் போன்ற ஆள்தான்.

தெற்குத் தாளுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. ஒட்டைப் பிரிக்க வேண்டும். அதற்குத் தலைவர் சம்மதிக்க வேண்டும்.

பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 12

அன்புள்ள பசைக்காரிக்கு,

இங்கே சுகம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

நீ கேட்டபடி நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் நிறுத்தவில்லை, அவரே நின்றுகொண்டார். உன் கடிதம் வந்த மறுநாள், வேலை தருவதாகச் சொன்ன துறைமுகத்துக் கிடங்குக்காரரிடம் தனக்குப் பல் வலி என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமும் பல் வலி. இப்போது அந்த ஆள், "உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை பல்லும்மா?" என்று என்னிடம் கேட்கிறார். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.

வேறு கிளை வாய்க்காலில் நிலம் இருக்கிறவர்கள் எங்களைப் பார்த்தால் இப்போதே துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் இன்னும் களை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாவுப் பசை காய்ந்து இத்தனை மாதமான பிறகு, தாள் கிழியாமல் பிரியுமா என்று அவர் கேட்கிறார். ஆமாம், அவர்தான் கேட்கிறார். இனி எனக்குப் பொய் எழுதக் கை வரவில்லை.

பதில் போடு. சாப்பிடு.

உன் அண்ணி

*

ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் எல்லோர் நலமும், அந்தப் பல்லின் நலமும் அறிய ஆசை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத ஒன்றும் நல்லதாக இல்லை. இப்போது இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

தலைவரிடம் போய்க் கேட்டேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மாற்றிக்கொண்டார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"இப்பதாம்மா விழா வச்சுத் திறந்தோம். ஒட்டினதைப் பிரிச்சா எல்லாரும் சிரிப்பாங்க. அதுவும் அந்த நீல மை தண்ணி பட்டா ஓடும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

அது உண்மை. ஈரம் வைக்காமல் பசை இளகாது. ஈரம் வைத்தால் நீலம் ஓடும். எண்ணே அழிந்துபோனாலும் போகலாம். மறுபடி போனேன். படத்தில் பிழை இருக்கலாம், ஆராய வேண்டும், இது நம் கடமை என்றெல்லாம் பேசினேன். மறுபடியும் முடியாது என்றார். அண்ணனைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால், சொந்தக்காரருக்காகப் பேசுகிறேன் என்று நினைப்பார் என்று பயம்.

போன திங்கட்கிழமை அவர் அறையில் நின்றுகொண்டிருக்கும்போது என்னையும் அறியாமல் அழுதுவிட்டேன். "அது எங்கண்ணன் நிலம் சார். தண்ணி இல்லைன்னு ஆயிட்டா அண்ணன் ஊரை விட்டே போயிடுவார். நான் ஒட்டின ஒட்டுதான் அண்ணனைத் துரத்துது," என்றேன்.

அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? படம் தப்புன்னு சொன்னா எனக்குக் கோபம் வரும்மா. அண்ணன்னு சொன்னா எப்படி வரும்?"

அப்படியே எழுந்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து, அவர் கையாலேயே சட்டத்தைக் கழற்றினார்.

அண்ணன் கேட்டதற்குப் பதில்: பிரியும். ஆனால் அவசரம் கூடாது. மை ஒற்றும் தாளை ஈரமாக்கி, ஒட்டின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, ஒரு நாள் முழுக்க அதே வேலை. எலும்புக் கத்தியால் மயிரிழை மயிரிழையாக நெம்பினேன். தலைவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னை விட அதிகமாக வியர்த்தார். சாயங்காலம் வடக்குத் தாளின் ஓரம் தூக்கியது. அடியில் அந்தப் பாலம் இருந்தது. பக்கத்தில் எண்.

நானூற்றுப் பத்தொன்பது.

அண்ணி, ஒரே பாலம் நானூற்றுப் பன்னிரண்டிலும் இருந்துகொண்டு, நானூற்றுப் பத்தொன்பதிலும் இருக்க முடியாது. தெற்குத் தாளில் இருக்கும் எல்லா எண்களும் ஏழடி கூடுதல். வடக்குக் கணக்கில் சொன்னால் உங்கள் நிலம் நானூற்று ஒன்பது. பாலத்தை விட மூன்று அடி கீழே. அண்ணனின் இடுப்பு எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்!

தலைவர் அன்றைக்கே உங்கள் பொறியாளர் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். முத்திரை போட்ட கடிதமும் போகிறது.

நீலம் கொஞ்சம் ஓடித்தான் போனது. எண் பிழைத்துவிட்டது, வாய்க்கால்தான் கசிந்து பரவிவிட்டது. உங்கள் நிலத்துக்குப் போகும் வாய்க்கால் இப்போது படத்தில் ஆற்றை விட அகலம். துடைக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, பாவம், இத்தனை வருஷமா கடைசி மடைக்காரங்க," என்றார் தலைவர். அந்த ஓரத்தை நான் திரும்ப ஒட்டவில்லை. கதவு மாதிரி தூக்கிப் பார்க்கிறபடி விட்டிருக்கிறேன். இரண்டு பாலமும் தெரியும்.

அடுத்த வரி உங்களுக்கு இல்லை. சர்க்கரை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துப் படிக்கிறவருக்கு.

அண்ணா, விற்காதே. போகாதே.

எல்லோருக்கும் என் அன்பு.

உங்கள் நாத்தனார்

*

ஜூலை 27

அன்புள்ள பசைக்காரிக்கு,

நாங்கள் எல்லோரும் ரொம்ப சுகம். உன் கடிதம் வந்த அன்றே பல் வலி குணமாகிவிட்டது. கிடங்கு வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள், மகராசன் நன்றாக இருக்கட்டும்.

கடிதத்தை டப்பாவுக்கு அடியில் வைக்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. தபால்காரர் கையிலிருந்து அவரே வாங்கினார். வாசலில் நின்றபடியே படித்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் அங்கே ஒரு வேலையும் கிடையாது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "என்னங்க?" என்றேன். "வெங்காயம்," என்றார். வெங்காயத்தைப் போன மாதமே பிடுங்கியாகிவிட்டது.

பொறியாளர் பெண் சொன்ன சொல் தவறாமல் அளக்கிற ஆட்களோடு வந்தாள். அளவுகோலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உன் அண்ணன் போய் நின்றார். எங்கள் கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை. பாலத்தில் ஓர் அளவு, வரப்பில் ஓர் அளவு எடுத்தார்கள். கருவியில் பார்த்த ஆள் நிமிர்ந்து, "மூணடி கீழங்க," என்றார். யாரோ கைதட்டினார்கள். நான்தான் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

சுவரில் புதுப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பாலத்துக்குக் கீழே அத்தனை பேரும் அதில் இருக்கிறோம். பட்டியல் ஒட்டிய பையன் பழையதன் மேலேயே புதியதை ஒட்டப் போனான். நான் விடவில்லை. "அதைக் கிழிச்சுட்டு ஒட்டுப்பா, அடியில எதையும் மறைக்காதே," என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பெரிய பெட்டியில் விதை வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். இனி அது பரணில் ஏறாது.

உன் தொழிலைப் பற்றி நான் கேலி செய்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிரிக்கிற மாதிரி ஒட்டுவது எதற்கென்று இப்போது தெரிகிறது.

தண்ணீர் திறக்கும் நாளை நான் எழுத மாட்டேன். எழுத வேறு ஆள் இருக்கிறது. இரண்டு நாளாக என் பேனாவைக் காணோம்.

உன் அண்ணி

*

ஆகஸ்ட் 4

சில்வண்டுக்கு,

சுகம். உன் சுகத்தை விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. இத்தனை வருடமாக எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டேன். தூக்கம் சரியாகிவிட்டதா என்பதை மட்டும் நீ பிறகு எழுதவே இல்லை.

உன் அண்ணி நான் அழுததாக எழுதியிருப்பாள். நம்பாதே.

நீ 'வித்துடு' என்றபோது வந்த கோபம் உன் மேல் இல்லை. நீ சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்று எனக்கே உள்ளுக்குள் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடு பேச முடியவில்லை, அதனால் உன்னோடு பேசவில்லை. நாற்காலியை இப்போது தொலைபேசிக்கு அடியிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன். நீ கூப்பிட்டால் நானே எடுப்பேன். என்ன பேசுவது என்று தெரியாது, நீ பேசு. உனக்கென்ன, வாய் ஓயாது.

செப்டம்பர் முதல் ஞாயிறு காலையில் தண்ணீர் திறக்கிறார்கள். இந்த முறை முதலில் நம் பக்கம் விட வேண்டும் என்று மேல்மடைக்காரர்களே சொல்லிவிட்டார்கள். நீ வர வேண்டும். லீவு கேட்க உன் தலைவரிடம் கடமை, ஆராய்ச்சி என்று அளக்காதே. அண்ணன் கூப்பிட்டான் என்று சொல்.

பஸ் இப்போது சாலை முனையிலேயே நிற்கிறது. இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து வா. பாலத்தில் நிற்கிறேன். இங்கே ஒரே பாலம்தான், தவற விட மாட்டாய்.

அண்ணன்